மருந்து முதலில், கத்தி பிறகு: குழுத் தலைவிகளுக்கு ஒரு மடல்

குடியாத்தம், பேரணாம்பட்டு வட்டார மகளிர் சுய உதவிக் குழுத் தலைவிகளுக்கு வணக்கம்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை என் அண்ணியை அழைத்துக்கொண்டு வேலூருக்கு முதல் பஸ் ஏறியவள் நான். மார்பில் கட்டி பெரிதாகி, அக்குளில் நெறி கட்டிய பிறகுதான் அவர் வாய் திறந்தார். மார்பகப் புற்றுநோய். மருத்துவர்கள் முதலில் கீமோ, அதாவது புற்றை அழிக்கும் மருந்து, பிறகு அறுவை என்றார்கள். "முற்றிவிட்டது, அதனால்தான் கத்தி வைக்கவில்லை" என்று அன்றைக்கே தெருவில் பேச்சு.

முற்றிய கட்டி தோலோடும் தசையோடும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அப்படியே அறுத்தால் மிச்சம் நின்றுவிடலாம். மருந்தில் சுருங்கினால் சுத்தமாக எடுக்கலாம். சிலருக்கு மார்பையே காப்பாற்றலாம். அமெரிக்காவில் 1988-இல் தொடங்கிய ஆய்வில், அறுவை செய்யும் நிலையில் இருந்த பெண்களுக்குக் கீமோவை முன்னால் கொடுத்தாலும் பின்னால் கொடுத்தாலும் ஆயுளில் வித்தியாசம் இல்லை.

நான் பயந்தது நான்காம் கீமோவுக்குப் பிறகு. கட்டி கைக்குத் தட்டுப்படவில்லை. "கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வேண்டியது பலித்துவிட்டது, இனி அறுவை எதற்கு?" என்றார் பெரியம்மா. அம்மனைக் குறை சொல்லமாட்டேன்; மாவிளக்கு நானும்தான் போட்டேன். ஆனால் கட்டி கரைந்தாலும் இடம் தெரியவேண்டும் என்று தொடக்கத்திலேயே எள்ளளவு உலோகக் கிளிப் ஒன்றை உள்ளே வைத்திருந்தார்கள். அறுத்தெடுத்ததைச் சோதித்தபோது புற்று இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

இப்போது உங்களிடம் வருகிறேன். சிகிச்சைச் செலவுக்கு அரசின் காப்பீட்டு அட்டை இருந்தது. பஸ் காசுக்கும் போன கூலிக்கும் அட்டை கிடையாது. பிற்பாதியில் கொடுத்த மருந்தில் விரல் நுனிகள் மரத்துப்போயின. மரத்த விரலால் பீடி சுற்ற முடியுமா? அந்த மாதங்களிலும் எங்கள் குழு தவணை கேட்டது. கூட்டத்துக்கு வராததற்கு அபராதமும் போட்டது.

உங்கள் குழுவில் ஒருத்திக்கு இந்தச் சிகிச்சை நடந்தால், அறுவைக்குப் பிறகு கொடுக்கும் கதிர்வீச்சும் முடியும்வரை அவருடைய தவணையைத் தள்ளிவையுங்கள், அபராதம் வேண்டாம். கீமோ நாட்களில் காய்ச்சல் 100.4-ஐத் தொட்டால் மாத்திரை போட்டுக்கொண்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நேரம் அது, உயிருக்கே ஆபத்து. அந்த இரவே ஆட்டோவுக்குச் சேமிப்பிலிருந்து பணம் எடுக்க அனுமதியுங்கள்.

அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். அண்ணியும் வருகிறார். மரப்பு முழுதாகப் போகவில்லை. கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நாத்தனார்