களஞ்சிய விடுதி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாபநாசம் வந்தால் வேறு இடம் தேடாமல் நேரே விடுதியாக்கிய எங்கள் பழைய நெல் களஞ்சியத்தில் வந்து இறங்குபவர்களுக்கு எழுதுகிறோம். கீழ் அறைச் சுவரின் படம் ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. "பழமை என்று சொல்லி ஈரச் சுவருக்குக் காசு வாங்குகிறார்கள்" என்று கூடவே ஒரு வரி. உங்களுக்கும் வந்திருக்கும்.

அது கார்த்திகை மழையில் எடுத்த படம். நெல் கொட்டி வைக்கக் கட்டிய இடம் இது. செங்கல், அதன்மேல் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்புக் காரை. மழையில் ஈரம் வாங்கும், தை வெயிலில் விட்டுவிடும். ஈரம் காயும்போது தரையிலிருந்து ஏறிய உப்பு வெள்ளையாகப் பூக்கும். படத்தில் இருப்பது அந்த உப்புதான், பூஞ்சை இல்லை. துடைப்பத்தால் தட்டினால் உதிர்ந்துவிடும். சிமென்ட் பூசிவிடுங்களேன் என்கிறார்கள். பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே நின்று செங்கல்லை அரிக்கும். பெயின்ட் அடித்தாலும் ஒரே மழையில் உப்பி உரியும். இதையெல்லாம் அறையைக் காட்டும்போதே சொல்கிறோம். யார் காதில் வாங்குகிறார்கள்?

ஜன்னல் சின்னது என்றும் குறை. நெல்லுக்கு எதற்கு ஜன்னல்? இப்போது இருப்பதே நாங்கள் திறந்ததுதான்.

பக்கத்துத் திருப்பாலைத்துறை கோயிலின் பழைய நெல் களஞ்சியத்தை எங்களுடையது என்று சொல்லிக்கொள்கிறோம் என்றும் ஒரு பேச்சு. அப்படி நாங்கள் சொன்னதே இல்லை. அது 1600-க்கும் 1634-க்கும் இடையில் தஞ்சை நாயக்க மன்னர் காலத்தில் கட்டியது, தொல்லியல் துறை பாதுகாப்பில் இருக்கிறது. எங்களுடையது குடும்பக் களஞ்சியம், அவ்வளவுதான்.

காரை வேலை தெரிந்த எங்கள் கொத்தனார் மகனோடு கோயம்புத்தூர் போய்விட்டார். சாந்து அரைக்கத் தெரிந்த வேறு ஆளை வெளியூரிலிருந்துதான் கூட்டி வர வேண்டும். கூலி, சாப்பாடு, தங்கல் எல்லாம் எங்கள் பொறுப்பு. அதனால் தை முதல் அறைக்கு 500 ரூபாய் கூடுகிறது, இரவுச் சாப்பாடும் இருக்காது.

கொரோனா சமயத்தில் முன்பணத்தைத் திருப்பிக் கேட்காமல் "அப்புறம் வந்து தங்கிக்கொள்கிறோம்" என்றவர்களை மறக்கவே மாட்டோம். இந்தப் படத்தைப் பார்த்ததும் எங்களுக்காகப் பதில் எழுதியவர்களும் நீங்கள்தான். மிக்க நன்றி.

மாசி முழுக்கக் கீழ் அறையில் பூச்சு வேலை நடக்கும். மேல் அறைக்கு மரப்படி செங்குத்தானது. பெரியவர்களோடு வருவதாக இருந்தால் பங்குனிக்குத் தள்ளிப் போடுங்கள்.

அன்புடன்,
களஞ்சிய விடுதியார்