அந்த ஒரு வரியைத் திருத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வார மருத்துவப் பக்கத்தில் டவுன் சிண்ட்ரோம் பற்றிய கட்டுரையில், "மனித உடலின் ஒவ்வொரு செல்லிலும் 46 குரோமோசோம்கள் உள்ளன, தாயிடம் குறை இருந்தால் பிள்ளைக்கு அது 47 ஆகிவிடும்" என்று ஒரு வரி வந்திருக்கிறது. என் மாமனார் காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிற இதழ் இது. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

பரம்பரைப் பண்புகளைச் சுமக்கும் அந்தக் குரோமோசோம்கள் ஒவ்வொரு செல்லிலும் 46 என்றால், முட்டையில் 46, விந்தணுவில் 46, பிறக்கிற குழந்தைக்கு 92 அல்லவா வர வேண்டும்? தோல், கல்லீரல் போன்ற உடல் செல்களில்தான் 46. முட்டையிலும் விந்தணுவிலும் அதில் பாதி, 23. முட்டையும் விந்தணுவும் உருவாகும்போது குன்றல் பகுப்பு என்ற செல் பிரிதல் நடப்பதே எண்ணிக்கையைப் பாதியாக்கத்தான். முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவே கிடையாது. அங்கே குரோமோசோமும் இல்லை. பள்ளிப் பாடப்புத்தகத்தில் உள்ளதுதானே, உங்களுக்குத் தெரியாததா? தெரிந்தும் எப்படி அச்சேறியது?

என் மூத்த மகளுக்கு டவுன் சிண்ட்ரோம். அவள் பிறந்தபோது எனக்கு 24 வயது. ரத்தம் எடுத்து அனுப்பி வந்த ரிப்போர்ட்டில் குரோமோசோம்களை ஜோடி ஜோடியாக அடுக்கி வைத்த படம் இருந்தது. 21 என்று போட்டிருந்த இடத்தில் மட்டும் குட்டை குட்டையாக மூன்று. உறவில் வந்து போனவர்கள் எல்லாம் "உன் உடம்பில் என்னம்மா குறை?" என்றுதான் கேட்டார்கள். என் கணவரை ஒருவர்கூடக் கேட்கவில்லை. டாக்டரம்மாதான் அந்த ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினார். பாதியாகப் பிரியும்போது 21ஆம் ஜோடி பிரியாமல் இரண்டும் ஒரே முட்டைக்குப் போய்விட்டால் அதில் 24. விந்தணுவின் 23 சேர்ந்தால் 47. பெரும்பாலும் முட்டையில் நடக்கும், சில சமயம் விந்தணுவிலும் நடக்கும் என்றார். தாய்க்கு வயது கூடக் கூட வாய்ப்பு கூடும் என்பது உண்மைதான். அதற்காக அது அவள் செய்த குற்றமா? அடுத்த பிள்ளைக்கு முன்பு எங்கள் இருவருக்கும் சோதித்தார்கள். எனக்கும் 46, அவருக்கும் 46. அந்த 23 புரிந்த பிறகுதான் என்னால் வீட்டில் தலை நிமிர முடிந்தது. உங்கள் கட்டுரையில் விட்டுப்போனது அதுதான்.

இது முதல் தடவையும் இல்லை. மாணவர் இணைப்பின் வினாடி வினாவில் மனித குரோமோசோம்கள் 48 என்று விடை போட்டீர்கள். 1923இல் பெயின்டர் என்ற அமெரிக்க விஞ்ஞானி சொன்ன கணக்கு அது. 1956இல் ட்ஜியோ, லெவான் என்ற விஞ்ஞானிகள் ஸ்வீடனின் லுண்ட் நகரில் எண்ணிப் பார்த்து 46 என்று வெளியிட்டுவிட்டார்கள். 1959இல் பாரிஸில் மார்த் கோத்தியே, லெஜூன், டர்பின் என்ற மருத்துவர்கள் மூவரும் டவுன் குழந்தைகளின் செல்களில் 47 என்று காட்டினார்கள். அப்போதும் எழுதினேன், பதில் இல்லை. அப்புறம் தீபாவளி மலரில், ஆண் குழந்தை பிறக்க மனைவி என்ன சாப்பிட வேண்டும் என்று இரண்டு பக்கம். ஆணா பெண்ணா என்று தீர்மானிப்பவை எக்ஸ், ஒய் என்ற குரோமோசோம்கள். முட்டையில் எப்போதும் இருப்பது எக்ஸ். எக்ஸ் வந்து பெண்ணா, ஒய் வந்து ஆணா என்பது விந்தணுவில் இருக்கிறது. மூன்றாவதும் பெண்ணாகப் பெற்ற எங்கள் தெருப் பெண்ணிடம் அந்தப் பக்கத்தைக் கொண்டுபோய்க் காட்டினார்கள் ஐயா. அவள் அழுததை நான் பார்த்தேன்.

இந்தக் கட்டுரைக்குப் போட்ட படத்தில் ஒரு பிள்ளை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. என் மகள் தினமும் காலையில் கடைக்குப் போய் பால் பாக்கெட் வாங்கி, மீதிச் சில்லறையை எண்ணிப் பார்த்து என் கையில் கொடுப்பவள். அவளைப் போன்ற ஒரு பிள்ளையின் படம் உங்களுக்குக் கிடைக்கவே இல்லையா?

உடல் செல்லில் 46, முட்டையிலும் விந்தணுவிலும் 23, தாயின் குறை என்று எழுதியது தவறு. அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், இந்த அளவுக்கு ஒரு திருத்தம் போட்டால் போதும். இடம் இல்லையென்றால் என் கடிதத்தை விட்டுவிடுங்கள், திருத்தத்தை மட்டுமாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்.