சீனக் காதல் நாவலை வெளியிட்ட பதிப்பகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

பதிப்பாசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். மாவோ காலத்துச் சீனாவில் நடக்கும் காதல் கதை என்று நீங்கள் அறிவித்ததிலிருந்தே இந்த நாவலுக்காகக் காத்திருந்தேன். அந்தக் காலத்து அரசியலைத் தமிழில் படிக்க வழியுண்டு. அங்கே வாழ்ந்த இருபது வயதுப் பிள்ளைகள் எப்படிக் காதலித்தார்கள் என்று சொல்லும் கதை அபூர்வம். அதனால்தான் ஏமாற்றமும் பெரிதாக இருக்கிறது.

கதைக்களத்தை நன்றாகவே பிடித்திருக்கிறீர்கள். படித்த இளைஞர்கள் கிராமத்துக்குப் போய் விவசாயிகளிடம் பாடம் கற்க வேண்டும் என்று 1968 டிசம்பரில் மாவோ சொன்னார். அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு மேல் போனார்கள். உங்கள் கதாநாயகி மெய்லினும் ஷாங்காயை விட்டுத் தென்மேற்கு மாகாணமான யுன்னானின் ரப்பர் தோட்டத்துக்கு வருகிறாள். சரி, வந்தவள் உச்சி வெயிலில் பால் வெட்டுகிறாள். ரப்பர் மரத்தை விடிவதற்கு முன்பே வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும். வெயில் ஏற ஏற வடிவது குறைந்துவிடும். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, இருட்டில் மரம் மரமாக நடந்த பெண்களின் வேலை அது. காதலர்கள் சந்திக்க அந்த இருட்டைவிட நல்ல இடம் கிடைக்குமா?

அதைக்கூட விட்டுவிடலாம். அவள் காதலன் ஜியானைப் பக்கத்துக் கிராமத்து நிலப்பிரபுவின் பேரன் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைய சீனாவில் அது லேசான செய்தி இல்லை. அந்த வர்க்க முத்திரை தாத்தாவோடு போகாது. பேரனைக் கட்டிக்கொள்பவளுக்குக் கட்சியில் சேரும் வாய்ப்பு மங்கும், பிறக்கும் பிள்ளைமீதும் முத்திரை விழும். காதலையே முதலாளித்துவ உணர்ச்சி என்று கண்டித்த காலம் வேறு. கல்யாணத்தைப் பதிவு செய்யப் போனால் வேலையிடத்தின் கடிதம் கேட்பார்கள். உங்கள் கதையிலோ மாலையில் முடிவெடுத்து மறுநாளே மணம் முடிக்கிறார்கள். அப்புறம் பஸ் ஏறி மாகாணத் தலைநகர் குன்மிங்குக்குப் போய், விடுதியில் தங்கி, கடையில் நூடுல்ஸ் சாப்பிடுகிறார்கள். அறிமுகக் கடிதம் இல்லாதவருக்கு விடுதியில் இடம் கிடையாது. தானியக் கூப்பன் நீட்டாமல் நூடுல்ஸும் கிடையாது.

இவற்றையெல்லாம் எடுத்துவிட்டதால் அந்த இருவரும் காதலுக்காக எதையுமே இழக்க வேண்டியிருக்கவில்லை. அனுமதிக் கடிதம் கேட்டு மெய்லின் தோட்ட அலுவலகத்தில் நிற்கும் ஒரு காட்சி போதும், "அவன் யார் வீட்டுப் பிள்ளை, தெரியுமா?" என்று அதிகாரி கேட்டும் அவள் நகராமல் நின்றாள் என்றால், அவள் அவனை எவ்வளவு விரும்புகிறாள் என்பதை விளக்க மூன்று அத்தியாயம் தேவைப்பட்டிருக்காது.

இரண்டாம் பாகம் 1979இல் தொடங்கும் என்று கடைசிப் பக்கத்தில் அறிவித்திருக்கிறீர்கள். எனக்கு அதுதான் கவலை. 1978 முடிவில் யுன்னான் தோட்டங்களில் ஊர் திரும்ப அனுமதி கேட்டு வேலைநிறுத்தம் நடந்தது. இளைஞர்களின் பிரதிநிதிகள் பெய்ஜிங் வரை போனார்கள். வழி பிறந்தபோது கல்யாணம் ஆனவர்களுக்கு அந்தக் கல்யாணமே தடையாக நின்றது. ஊர் திரும்புவதற்காகவே விவாகரத்துப் பதிவு செய்தவர்கள் ஏராளம். ஜியான் உள்ளூர்க்காரன், ஷாங்காயில் குடியிருக்கத் தேவையான குடும்பப் பதிவு அவனுக்குக் கிடைக்காது. தயவுசெய்து இதைத் தாண்டிக் குதித்துவிடாதீர்கள். விவாகரத்துப் பதிவு செய்யும் மேசைக்கு முன்னால் அவர்கள் இருவரையும் உட்கார வையுங்கள். அச்சுக்கு அனுப்புவதற்கு முன், அந்தக் காலத்து வரலாறு தெரிந்த ஒருவரிடம் பிரதியைப் படிக்கக் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி