பணம் தருவதாகப் பழகுவோரிடம் கவனம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வசதியுள்ளவர் மாதாமாதம் செலவுக்குப் பணம் தருவார், நெருங்கிப் பழக வேண்டும் என்ற ‘சுகர் டேட்டிங்’ அழைப்புகள் வேலூர், காட்பாடி விடுதிகளில் தங்கிப் படிப்பவர்களின் கைபேசிக்கும் வருகின்றன. சரியா தவறா என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். மாட்டிக்கொண்ட பிள்ளைகள் வெட்கத்தால் வாய் திறக்காமல் இருப்பதுதான் மிரட்டுபவனின் பலம்.

பணம் தரும் முன் ‘பதிவுக் கட்டணம்’ கேட்டால் அது மோசடி. பணம் பெற யு.பி.ஐ. ரகசிய எண் (பின்) தேவையே இல்லை. கைபேசி எண்ணைக் கொடுத்தால் ஜிபேயில் வங்கிக் கணக்கிலுள்ள பெயர் தெரிந்துவிடும். ‘உன் கணக்கில் போடுகிறேன், இன்னொருவருக்கு அனுப்பிவிடு’ என்றால் கட்டாயம் மறுக்க வேண்டும். அது திருட்டுப் பணமாக இருந்தால் முடக்கப்படுவதும் விசாரிக்கப்படுவதும் உங்கள் கணக்குதான்.

இன்ஸ்டாகிராமில் உள்ள அதே படத்தை டேட்டிங் கணக்கிலும் வைத்தால் கூகுள் லென்ஸ் தேடலில் அடையாளம் சிக்கலாம். கல்லூரி அடையாள அட்டை, விடுதி வாசல் படத்தில் விழக்கூடாது. சந்திப்பதென்றால் பகலில், ஆள் நடமாட்டமுள்ள உணவகத்தில். சொந்தமாகப் போய்த் திரும்புங்கள். தோழியின் வாட்ஸ்அப்புக்கு 8 மணி நேர நேரலை இருப்பிடம் அனுப்புங்கள்.

அந்தரங்கப் படத்தைக் காட்டி மிரட்டினால் ஒரு ரூபாயும் தராதீர்கள். கொடுத்தால் மறுபடி கேட்பான். உரையாடலை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேசிய சைபர் குற்றத் தளத்தில் புகார் செய்யுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பதினெட்டு வயது நிரம்பியவர்கள், அந்தரங்கப் படங்கள் இணையத்தில் பரவாமல் தடுக்க உதவும் ‘ஸ்டாப் என்.சி.ஐ.ஐ.’ தளத்தையும் நாடலாம். படம் உங்கள் கைபேசியை விட்டுப் போகாது, அதிலிருந்து உருவாகும், கைரேகை போன்ற எண்குறி மட்டுமே பகிரப்படும்.

ஒரு வாசகி,
சத்துவாச்சாரி, வேலூர்.