தகரக் கொட்டகைக் கோயில்

அன்புள்ள சேவியர்,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, பதில் போட இப்போதுதான் ஒழிந்தது. முட்டிவலி எப்படி இருக்கிறது? மருமகள் பேச்சைக் கேட்டுத் தைலத்தை விடாமல் போடு. இங்கே எல்லோரும் நலம். கோடை விடுமுறையில் ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகளுக்குப் போனோம். அங்கே லாம்ப் ஹோம் என்ற குட்டித் தீவில் ஒரு கோயில் பார்த்தேன், அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

கோயில் என்றதும் கோபுரம் கீபுரம் என்று நினைத்துவிடாதே. பீப்பாயைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்த மாதிரி இருக்குமே, அந்த நிஸ்ஸன் தகரக் கொட்டகை இரண்டை நீளவாக்கில் சேர்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். 1939 அக்டோபரில் ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று அங்குள்ள பிரிட்டிஷ் கடற்படைத் துறைமுகமான ஸ்காபா ஃப்ளோவுக்குள் புகுந்து ராயல் ஓக் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலை மூழ்கடித்ததில் 800 பேருக்கு மேல் செத்துப்போக, தீவுகளுக்கு நடுவே கடலை அடைக்கச் சொன்னார் சர்ச்சில். ஆள் போதவில்லை. வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இத்தாலியர்களை 1942-ல் கொண்டுவந்து இறக்கினார்கள். போர்க்கைதிகளைப் போர் வேலைக்கு விடக்கூடாது என்பது ஜெனீவா ஒப்பந்தம் அல்லவா, அவர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். இது தடுப்பு இல்லை, தீவுக்காரர்களுக்கு ரோடு என்று சொல்லிச் சமாளித்தார்கள். நாங்கள் காரில் போனதும் அதன் மேல்தான், ஆக அந்தச் சாக்கு நிஜமாகிவிட்டது!

ஆனால் எனக்குப் பிடித்தது வேறு. லாம்ப் ஹோமில் அந்தக் கைதிகள் இருந்த 60-ம் எண் முகாமில் அவர்கள் முதலில் பூச்செடி நட்டார்கள், நடைபாதை போட்டார்கள், நாடகம் போட இடம் செய்தார்கள், பொழுதுபோக்குக் கொட்டகையில் பில்லியர்ட்ஸ் மேசையையே கான்கிரீட்டில் வார்த்தார்கள். சாமி அப்புறம்தான். 1943 கடைசியில்தான் பூசைக்கென்று இந்த இரண்டு கொட்டகைகள் கிடைத்தன, அதிலும் ஒரு பாதி பள்ளிக்கூடம் என்றுதான் முதல் ஏற்பாடு. கைதிகளில் ஒருவரான கியோக்கெட்டி என்ற ஓவியர், தன் அம்மா கொடுத்தனுப்பிய சின்ன மாதா படத்தைப் பார்த்து பலிபீடத்துக்குப் பின்னால் வரைந்திருக்கிறார். பலிபீடம் கான்கிரீட், தொங்கும் விளக்குகள் மாட்டிறைச்சி டின்கள், சுவரில் தெரியும் செங்கல்லும் வேலைப்பாடும் வெறும் பெயின்ட். தொட்டுப் பார்க்கத் தோன்றும், தொடக்கூடாது.

1944-ல் மற்றவர்கள் கிளம்பிய பிறகும் ஞானஸ்நானத் தொட்டியை முடிக்க கியோக்கெட்டி மட்டும் தங்கியிருக்கிறார். 1960-ல் திரும்ப வந்து பழுது பார்த்தும் கொடுத்தார். முகாமின் மற்ற கொட்டகைகளையெல்லாம் பிரித்துவிட்டார்கள். கோயிலைக் காப்பாற்றியது நல்லதுதான், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் அந்த பில்லியர்ட்ஸ் மேசையையும் விட்டுவைத்திருக்கலாம். ஊரைவிட்டு அத்தனை தூரத்தில், குளிரில், முள்கம்பிக்குள் கிடந்தவனுக்கு அதுவும் லேசுப்பட்ட விஷயமா?

சரி, போட்டோக்களைத் தனியாக அனுப்புகிறேன். சின்னவளுக்கு வரன் அமைந்துவிட்டது என்றாயே, தேதி குறித்ததும் எழுது, டிக்கெட் போடவேண்டும்.

அன்புடன்,
ராஜு