பூட்டிக் கிடக்கும் மாடிவீடு: சபைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

கனம் ஆயர் ஐயா அவர்களுக்கும், சபைக் குழுவிலுள்ள பெரியவர்களுக்கும் கிறிஸ்துவின் நாமத்தில் அன்பின் வணக்கம்.

போன மாதக் கூட்டத்தில் நடந்ததை உங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. ஆலயத்துக்குப் பின்னாலுள்ள மாடிவீட்டை மூன்று ஆப்பிரிக்க மாணவர்கள் வாடகைக்குக் கேட்டார்கள். சொன்ன அட்வான்ஸைக் கொடுக்கவும் ஒப்புக்கொண்டார்கள். "வெளிநாட்டுக்காரர்களுக்கு வேண்டாம், போலீஸ் தொந்தரவு" என்று குறிப்பேட்டில் எழுதி முடித்துவிட்டீர்கள். வீடு இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. அதே கூட்டத்தில் மிஷனெரி ஞாயிறு காணிக்கை உறைக்கும் ஒப்புதல் கொடுத்தீர்கள். இரண்டு முடிவுகளும் ஒரே பக்கத்தில் இருப்பதைப் பார்த்தபோது மனம் மிகவும் நொந்தது.

கேட்பது ஒன்றுதான். அந்தத் தீர்மானத்தைத் திரும்பப் பெற்று, வீட்டை அந்த மாணவர்களுக்குக் கொடுங்கள்.

போலீஸ் தொந்தரவு என்று நீங்கள் எழுதியிருப்பதால் அதையே முதலில் பேசுவோம். வெளிநாட்டவரைத் தங்க வைப்பவர் யாராக இருந்தாலும், ஓட்டலோ விடுதியோ தனி வீட்டுக்காரரோ, வெளிநாட்டவர் வந்த 24 மணி நேரத்துக்குள் தங்கல் விவரத்தை இணையத்தில் பதிய வேண்டும். சி படிவம் என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய குடியேற்றச் சட்டத்திலும் இந்தக் கடமை இருக்கிறது. கட்டணம் கிடையாது. வீட்டுக்காரர் தன் பெயர், முகவரி, அடையாளச் சான்று கொடுத்து ஒருமுறை கணக்குத் தொடங்க வேண்டும். அதற்கு வெளிநாட்டினர் பதிவு அலுவலகம் ஒப்புதல் தர வேண்டும். மாவட்டங்களில் அந்தப் பொறுப்பு எஸ்.பி. அலுவலகத்துடையது. ஒப்புதலுக்குச் சில நாள் பிடிக்கலாம். அதனால் ஆள் குடிவருவதற்கு முன்பே கணக்கைத் தொடங்கிவிட வேண்டும். குடிவந்த பிறகு தொடங்கினால் 24 மணி நேரம் கை நழுவிவிடும். "தொந்தரவு" என்று வீட்டுக்காரர்கள் சொல்வதில் பாதி இந்தத் தாமதத்தால் வருவதுதான்.

பிறகு வேண்டியவை பாஸ்போர்ட்டின் படப் பக்கம், விசா, ஒரு புகைப்படம், இந்தியா வந்த தேதி, இந்த வீட்டுக்கு வந்த தேதி. கடைசி இரண்டையும் பலர் ஒன்றாகவே எழுதிவிடுகிறார்கள். விசா எண் கேட்கும் இடத்தில் பாஸ்போர்ட் எண்ணைப் போடுவது, குடும்பப் பெயரையும் இடுபெயரையும் மாற்றிப் போடுவது, இவைதான் வழக்கமாக நடக்கும் மற்ற பிழைகள். பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். முடித்ததும் இரண்டு பிரதி அச்செடுத்து ஒன்றை மாணவரிடம் கொடுத்துவிட வேண்டும். வீடு மாறினால் புதிதாகப் பதிய வேண்டும். கணக்கு தயாராக இருந்தால் ஒருவருக்கு அரை மணி நேர வேலை.

அந்த அரை மணி நேர வேலையை வீட்டுக்காரர் செய்யாவிட்டால் மாணவருக்கு என்ன ஆகிறது என்பதைத் தயவுசெய்து பொறுமையாகப் படியுங்கள். 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வருகிற மாணவர், இந்தியா வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் தன்னைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். விடுதியில் இல்லாமல் வெளியே தங்குபவரிடம் முகவரிக்கு ஆதாரமாகக் கேட்கப்படுவது சி படிவப் பிரதியும் வாடகை ஒப்பந்தமும்தான். அவை இல்லையென்றால் பதிவு நிற்கும். பதிவு நின்றால் விசா நீட்டிப்பும் நிற்கும், அபராதமும் விழும். வங்கியிலும் இதே கதைதான். பாஸ்போர்ட்டையும் விசாவையும் வைத்து வெளிநாட்டு மாணவருக்குக் கணக்குத் தொடங்கித் தரலாம். ஆனால் உள்ளூர் முகவரிச் சான்றை 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்கிறது ரிசர்வ் வங்கி விதி. அதுவரை வெளிநாட்டிலிருந்து 1,000 டாலருக்கு மேல் வரவு வைக்க முடியாது. பெற்றோர் அனுப்பும் கல்லூரிக் கட்டணம் அங்கேயே முட்டி நிற்கிறது.

இதைத் தெரிந்துகொண்டே சில வீட்டுக்காரர்கள் செய்வது இன்னும் கொடுமை. "அக்ரிமெண்ட் எல்லாம் வேண்டாம் தம்பி, மாசாமாசம் கையில குடுத்துடு" என்று ஊர் வாடகையைவிடக் கூட்டி வாங்கிக்கொள்கிறார்கள். ரசீது கிடையாது, படிவமும் கிடையாது. ஒரு நாள் காவலர் வந்து கதவைத் தட்டினால், "இவனுங்க யாருன்னே எனக்குத் தெரியாது" என்று வீட்டுக்காரர் ஒதுங்கிக்கொள்வார். காகிதம் இல்லாமல் நிற்பது பத்தொன்பது வயதுப் பிள்ளை. பிறகு ஊரில், "அவனுங்க எல்லாம் சட்டவிரோதமா தங்குறவனுங்க" என்று பேச்சு. அவனைச் சட்டவிரோதமாக்கியது படிவம் போட மறுத்த வீட்டுக்காரரின் கை. நம் சபையும் அந்த வரிசையில் போய் நிற்க வேண்டுமா?

காரணம் படிவம் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். ஓசூர் சிப்காட்டுக்கு வரும் ஜெர்மன், ஜப்பான், கொரிய இன்ஜினியர்களுக்கு வீடு கொடுக்க இதே ஊரில் ஆள் முந்துகிறார்கள். அவர்களுக்கும் இதே சி படிவம், இதே 24 மணி நேரம். அங்கே வராத தொந்தரவு இங்கே வருவது தோலின் நிறத்தால்தான். இதற்குப் பெயர் நிறவெறி. வேறு மெல்லிய சொல் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

கூட்டத்தில் ஒரு பெரியவர் "காமின் சாபம்" என்றும் சொன்னார், அதாவது நோவாவின் மகன் காமின் வழிவந்த கறுப்பு மக்கள் சபிக்கப்பட்டவர்கள் என்று. ஐயா, ஆதியாகமம் 9:25-ஐத் திறந்து பாருங்கள். நோவா சபித்தது காமின் மகன் கானானை. எத்தியோப்பியருக்கு மூதாதை என்று சொல்லப்படும் கூஷ், காமின் இன்னொரு மகன், அந்த வசனத்திலேயே இல்லை. அடிமை வியாபாரத்துக்கு நியாயம் தேடியவர்கள் திரித்த விளக்கத்தை நம் ஆலயத்தில் சொல்லக் கூடாது. மோசே எத்தியோப்பியப் பெண்ணை மணந்ததற்காக அவருக்கு எதிராகப் பேசிய அவர் சகோதரி மிரியாம் குஷ்டம் பிடித்து ஏழு நாள் பாளயத்துக்கு வெளியே இருந்தாள். எரேமியாவைச் சேற்றுக் குழியிலிருந்து தூக்கியவன் எபெத்மெலேக் என்கிற எத்தியோப்பியன். கயிறு அறுக்காதபடி அக்குளில் வைத்துக்கொள்ளப் பழந்துணிகளைக்கூட இறக்கிக் கொடுத்தான். அந்தியோகியா சபையின் போதகர்களில் ஒருவர் நீகர், அதாவது கறுப்பர், என்னப்பட்ட சிமியோன். ஞாயிறுதோறும் வாசிக்கிற புத்தகம்தானே இது.

பெங்களூரு இங்கிருந்து 40 கிலோமீட்டர்தான். அங்கே 2016 ஜனவரி கடைசி நாளில், ஒரு சூடான் மாணவரின் கார் மோதி ஒரு பெண் இறந்தார். அரை மணி நேரம் கழித்து அந்த வழியே வந்த தான்சானிய மாணவியைக் கூட்டம் இழுத்துப் போட்டு அடித்து, உடையைக் கிழித்து, காருக்குத் தீ வைத்தது. விபத்துக்கும் அவளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. "அவங்க எல்லாம் ஒரே மாதிரி" என்று வீட்டுத் திண்ணையில் சாதாரணமாகச் சொல்வது தெருவுக்கு வந்தால் இப்படித்தான் ஆகும்.

நமக்கு இது புதிதும் அல்ல. 2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனியில் தலித் மக்களின் வீடுகள் எரிக்கப்பட்டதை மறக்க முடியுமா? பக்கத்துத் தெருக்காரனையே தள்ளி வைத்துப் பழகிய கண்ணுக்கு, கடல் கடந்து வந்தவன் மனிதனாகத் தெரிவது கஷ்டம்தான். திருவிருந்துப் பாத்திரம் கறுப்பு மாணவர் கைக்குப் போன பிறகு எழுந்து பின் வரிசைக்குப் போனவர்கள் நம் சபையிலேயே இருக்கிறார்கள். ஆயர் ஐயாவும் பார்த்தீர்கள். அதைப் பற்றி ஒரு பிரசங்கம்கூட வரவில்லை. சொல்ல வந்ததை விட்டு எங்கோ போகிறோம், மன்னியுங்கள். ஆனால் இதெல்லாம் ஒரே வேரிலிருந்து வருகிறது.

மாணவர் ஊழியம் என்று நாம் செய்வதிலும் ஒன்றைத் திருத்த வேண்டும். கன்வென்ஷன் சுவரொட்டியில் அவர்கள் படத்தைப் போட்டு, மேடையில் செய்தி கொடுக்க அழைக்கிறீர்கள். மாணவர் விசாவில் இருப்பவர் ஆராதனைக்கு வரலாம், பிரசங்கம் கேட்கலாம். வழிபாட்டிடத்தில் பிரசங்கிக்கவோ துண்டுப்பிரசுரம் விநியோகிக்கவோ விசா விதி இடம் தருவதில்லை. பழி வந்தால் அவர் படிப்பே போய்விடும். தயவுசெய்து நிறுத்துங்கள். வருகிறவர்களில் முஸ்லிம்கள் உண்டு, நம் சபைகளைவிடப் பல நூற்றாண்டு மூத்த எத்தியோப்பியச் சபையின் பிள்ளைகளும் உண்டு. வாடகை ஒப்பந்தத்துக்கு உதவுவதற்கோ ஆஸ்பத்திரிக்குத் துணை போவதற்கோ ஜெபக் கூட்ட வருகையை விலையாகக் கேட்கக் கூடாது.

வேண்டியது பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது. நம் தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளில் கிண்டும் கேழ்வரகு கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலத்தில் முதலில் பயிரான தானியம். உகாண்டாவில் அந்த மாவைக் கொதிக்கும் நீரில் கொட்டி, கட்டையால் கிளறிக் கெட்டியாக்கி, கையால் பிட்டுக் குழம்பில் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். பெயர் காலோ. நம் களிதான் அது. ஆராதனை முடிந்ததும் ஒரு ஞாயிறு களியும் கீரைக் குழம்பும் வைத்து அவர்களோடு ஒரே பந்தியில் உட்காருங்கள். தலைமுடியைத் தொட்டுப் பார்க்க வேண்டாம், கேட்காமல் செல்ஃபி எடுக்க வேண்டாம் என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மறுபடியும் பணிவோடு கேட்கிறோம். அடுத்த கூட்டத்தில் அந்தத் தீர்மானத்தைத் திரும்பப் பெறுங்கள். எல்லாக் குடித்தனக்காரரிடமும் வாங்கும் அட்வான்ஸையே இவர்களிடமும் வாங்கி, வழக்கமான 11 மாத ஒப்பந்தம் போடுங்கள். சபையின் பெயரில் சி படிவத்துக்கான கணக்குத் தொடங்கக் குழுச் செயலர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். படிவம் பதிவதையும், பிரதி எடுப்பதையும், எஸ்.பி. அலுவலகத்துக்குப் போவதையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். செமஸ்டர் தொடங்கும் முன் மாடிவீட்டுச் சாவியை அவர்கள் கையில் கொடுக்கும்படி வேண்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மாணவர் ஊழியக் குழுவினர்,
ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டம்.