ஹெல்மெட் நிறம் மாறினால் போதுமா? நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு வணக்கம். தொழிலாளியாக இருந்த என்னை சூப்பர்வைசர் ஆக்கி ஹெல்மெட் நிறத்தை மாற்றினீர்கள். என் சொல்லுக்கு மதிப்பு மட்டும் வரவில்லை.

போன செவ்வாய்க்கிழமை சிங்கப்பூரின் துவாஸில் உள்ள நம் வேலைத்தளத்தில் நடந்தது உங்கள் காதுக்கு வந்திருக்கும். 'தகவல் பரிமாற்றத்தில் குறை' என்று அறிக்கையில் எழுதியிருக்கிறார்களாம். யாருடைய குறை என்றுதான் எழுதவில்லை.

மின்னல் எச்சரிக்கை வந்ததும் கிரேன் வேலையை நிறுத்தியது நான். ஐந்தே நிமிடத்தில் வாக்கி டாக்கியில் எஞ்சினியர்: "யாரைக் கேட்டு நிறுத்தினீங்க? தூக்கச் சொல்லுங்க." சுமையைக் கட்டும் ரிகர், கிரேனுக்குச் சைகை காட்டும் சிக்னல்மேன் எல்லார் இடுப்பிலும் அதே சேனல்தான், எல்லாருக்கும் கேட்டது. கிரேன் ஓட்டுநர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். நல்லவேளை, மழை கொட்டி வேலை தானாக நின்றது.

மறுநாள் காலை, வேலைக்கு முன் பாதுகாப்பு பற்றிப் பேசும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் நான் பேசப் பேச, ஒருவர் கையுறை நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது வருடம் தங்கும் விடுதியில் என்னோடு ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிட்டவர். "நீங்க சொல்லி என்னண்ணே ஆகப்போகுது, எஞ்சினியர் சொல்லட்டும்" என்றார். கிண்டல்கூட இல்லை, என்மேல் உள்ள அக்கறையில் சொன்னார். அதுதான் வலித்தது.

சூப்பர்வைசர் ஆக்கினீர்கள், நன்றி. ஆட்களை நடத்தவும் பயிற்சி கொடுங்கள். நாங்கள் 'நிறுத்து' என்றால் அந்தச் சொல்லுக்குத் துணை நில்லுங்கள். பாதுகாப்பு வகுப்பில் ஆபத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். நேற்றுவரை தோளில் கைபோட்டவரிடம் 'நீங்க செஞ்சது தப்பு' என்று சொல்வது எப்படி என்பது அதில் இல்லை.

சொந்தமாகப் படித்துக்கொள்ளச் சொன்னார்கள். 25 வயதான சிங்கப்பூரர்களுக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற அரசாங்கப் பயிற்சித் திட்டத்தில் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), 40 வயதானவர்களுக்கு 2024 மே மாதம் மேலும் 4,000 வெள்ளி. நல்ல திட்டம்தான். எஸ் பாஸ் என்ற வெளிநாட்டு ஊழியர் வேலை அனுமதியில் இருக்கும் எனக்கு அதில் ஒரு காசும் கிடையாது.

2022 செப்டம்பரில் மனிதவள அமைச்சு பாதுகாப்பைக் கூடுதலாகக் கண்காணிக்கத் தொடங்கியபோது, 'ஆபத்து என்றால் யாரும் வேலையை நிறுத்தலாம்' என்று எங்களை வரிசையில் நிற்கவைத்துச் சொன்னவர்கள் நீங்கள்தான். மறு ஆண்டு மே மாதத்தோடு அந்தக் கண்காணிப்புக் காலம் முடிந்தது, பேச்சும் முடிந்ததோ? அலுவலக வாசலில் 'ஒவ்வொருவரும் தலைவரே' என்று நான்கு மொழியில் பதாகை மட்டும் தொங்குகிறது, தமிழில் எழுத்துப்பிழையோடு.

மன்னிக்கவும், கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். கேட்பது இதுதான்: சம்பளத்தில் பிடித்தம் செய்யாமல் ஆள் நடத்தும் பயிற்சி, எங்கள் சொல்லுக்கு உங்கள் துணை. எஞ்சினியர் மன்னிப்புக் கேட்க வேண்டாம். ஒருநாள் காலை 7:45 மீட்டிங்குக்கு வந்து, அன்று நிறுத்தியது சரிதான் என்று ஆட்கள் முன்னால் ஒரு வார்த்தை சொல்லட்டும். தயவுசெய்து அதற்கு ஏற்பாடு செய்யுங்கள்.

பணிவுடன்,
உங்கள் தளத்து சூப்பர்வைசர் ஒருவன்